பூனாவுக்குப் போன பை

கட்டின மனைவியை மூன்று மாதம் ஏமாற்றிய ஒரு மனிதரின் கதை இது. கடைசியில் வயிறு குலுங்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அது டவுன் பஸ் மாதிரி. கட்டாயம் வரும், நாம் நினைத்த நேரத்துக்கு வராது. அதுவரை நிழலாகப் பார்த்து நில்லுங்கள்.

தண்டபாணிக்கு நாற்பத்தொன்பது வயது. ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவர். சித்திரையில் ஒரு திங்கட்கிழமை, அவர் இருந்த பிரிவையே வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். ஆட்களை ஏற்றவில்லை.

மேனேஜர் மூக்கால் பேசுகிறவர். கையைப் பிடித்துக் குலுக்கி, "இது புது சேப்டர் தண்டபாணி, புது சேப்டர்!" என்றார்.

"பழைய சேப்டருக்கே இன்னும் பரீட்சை முடியலையே சார்" என்றார் தண்டபாணி.

மேனேஜர் சிரித்தார். அது சிரிக்க வேண்டிய இடம் இல்லை.

வீட்டில் அம்சவேணி கேட்டாள். "என்னங்க, முகம் இப்படிக் கருத்துக் கிடக்கு?"

"வெயில்."

அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்ததுதான் எல்லாம். அதற்குக் காரணமும் இருந்தது. அம்சவேணியின் அப்பா ஒரு மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய அன்று வீட்டுக்கு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. "ரெண்டு வருஷம் எங்கப்பா முகத்தைப் பார்க்கலைங்க, முதுகைத்தான் பார்த்தேன்" என்பாள் அம்சவேணி. "அவர் செத்தது மில்லு மூடின அன்னிக்கே. நாங்கதான் ரெண்டு வருஷம் லேட்டா அழுதோம்."

இப்படிச் சொல்கிறவளிடம் போய் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலையும் தண்டபாணி தேய்த்த பேன்ட்டை மாட்டினார். கம்பெனியின் நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டார். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, ஏழரை பஸ்ஸுக்கு வழக்கம்போல் ஓடினார். ஓடிப் போய் மூன்று நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

நாலாவது நாள் கால் போன போக்கில் ஏரிப் பக்கம் நடந்தார். அங்கே செம்மண்ணில் ஒரு வாலிபால் கிரவுண்டு. பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து ஒன்று உருண்டு வந்து அவர் செருப்பில் முட்டியது. எடுத்து எறிந்தார்.

"இன்னொண்ணு முள்ளுக்குள்ள கிடக்கு சார். அதையும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்று ஒரு குரல் கேட்டது.

எடுத்துக் கொடுத்தார். போகவில்லை.

குரலுக்குச் சொந்தக்காரி நஸ்ரின். முப்பத்தோரு வயது, கிளப்பின் பயிற்சியாளர். அந்தக் கிரவுண்டில் பயிற்சியாளர் ஆணோ பெண்ணோ, பெயர் 'மாஸ்டர்'தான். காலையில் பெண்கள், மாலையில் பையன்கள். நடுவில் தண்ணீர் தெளிக்க வேண்டும், அறுந்த நெட்டை முடிய வேண்டும், கோட்டுக்குச் சுண்ணாம்பு போட வேண்டும். சம்பளம் இல்லாத இந்த வேலைக்கு ஓர் ஆள் அவர்களுக்கும் தேவைப்பட்டது. வீட்டுக்கு, கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் சம்பளம் மாதிரி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து தண்டபாணி மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். லாரி, சுவர், மாமனாரின் முதுகு, எல்லாம். சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அவளுக்கு வலிக்காம உண்மையைச் சொல்ல ஏதாவது வழி இருக்கா மாஸ்டர்?"

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி போய் நில்லுங்க சார். பந்து பொறுக்குங்க."

இதுதான் பதிலா என்று தண்டபாணிக்கு விளங்கவில்லை. ஆனால் பொறுக்கினார்.

மதியம் பன்னிரண்டரைக்கு அம்சவேணி போன் செய்வாள். முதல் சில நாட்கள் தண்டபாணி ஏரிக்கரை மோட்டார் ரூமுக்கு ஓடி, தடதடக்கும் மோட்டார் பக்கத்தில் நின்று பேசினார். அதைப் பூவிழி பார்த்துவிட்டாள்.

பூவிழி அந்த அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். யார் குரலும் அவள் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருக்கும்.

"எதுக்கு சார் அவ்ளோ தூரம் ஓடுறீங்க? இங்கயே ஒரு கம்பெனியைத் திறந்துடலாம்" என்றாள்.

மறுநாள் போன் அடித்ததும் பூவிழி கையைக் குவித்து ஷிப்ட் சங்கு ஊதினாள். அசல் சங்கே தோற்றது. ஒருத்தி தகர டின்னைத் தட்டினாள். இன்னொருத்தி நாக்கால் கிரைண்டிங் மெஷின் ஓட்டினாள். பிறகு பூவிழி, தண்டபாணியிடம் கேட்டுப் பழகிய மேனேஜர் குரலில் மூக்கால் கூப்பிட்டாள். "தண்டபாணீ! பேரிங் பெட்டி எங்கேய்யா?"

"வேலையா இருக்கீங்களா?" என்றாள் அம்சவேணி.

"ஆமா. நிக்க நேரமில்ல."

"சரி சரி. வெயில்ல நிக்காதீங்க."

போனை வைத்ததும் பன்னிரண்டு பெண்களும் மண்ணில் விழுந்து சிரித்தார்கள். தண்டபாணியும் சிரித்தார். ஏ.சி. ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வெயில் எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. (நீங்கள் யோசித்திருந்தால் வாயைத் திறக்காதீர்கள். சிரிப்பு இன்னும் வரவில்லை.)

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள்.

"இன்னிக்கு ஆபீஸ்ல என்ன?"

பொய்க்கு ஒரு செலவு உண்டு. தினமும் புதிதாகச் செய்ய வேண்டும். தண்டபாணிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கிரவுண்டில் நடந்ததையே ஆபீஸில் நடந்ததாகச் சொன்னார். "எங்க செக்‌ஷன்ல புதுசா பன்னெண்டு பொண்ணுங்க சேர்ந்திருக்கு. பூவிழின்னு ஒருத்தி, எல்லார் மாதிரியும் பேசுவா. மேல் அதிகாரியும் ஒரு பொம்பளதான். ரொம்பக் கறார். கீறல் விழுந்த விசிலை ஊதித்தான் வேலை வாங்குவா."

"பூவிழி இன்னிக்கு யார் மாதிரி பேசினா?"

பேசிக் காட்டுவார். அம்சவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இருபது வருடத்தில் அவர் ஆபீஸ் கதைக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

டிபன் பாக்ஸும் மாறியது. முதலில் ஓர் அடுக்கு. வைகாசியில் இரண்டு. பிறகு தனியாக ஒரு பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, உப்புப் போட்டது.

"உப்பு எதுக்கு அம்சா?"

"ஏ.சி.யில உக்காந்தா உடம்புல உப்பு குறையுமாம். டிவியில சொன்னாங்க."

"அப்படியா?"

"ஆமா."

அந்தப் பாட்டிலை மாஸ்டர்தான் பாதி குடிப்பார். குடித்துவிட்டுப் பாட்டிலை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்.

ஆனியில் ஒரு நாள் தண்டபாணி மறுபடியும் கேட்டார். "மாஸ்டர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

மாஸ்டர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அந்த விசிலில் கீறல். ஊதினால் பாதி காற்றுதான் வரும்.

"டம்மின்னா என்னன்னு தெரியுமா சார்?"

"தெரியாது."

"பூவிழி பந்தைத் தூக்குவா. அடிக்க ரெண்டு பேரு சேர்ந்து குதிப்பாங்க. ஒருத்திக்குத்தான் பந்து வரும். இன்னொருத்தி சும்மா காத்தை அடிப்பா. அவதான் டம்மி. நெட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. யாருக்குப் பந்துன்னு சொல்லுங்க."

தண்டபாணி போய் நின்றார். பத்து முறை தூக்கினார்கள். பத்து முறையும் தப்பாகச் சொன்னார். பெண்கள் ஓவென்று கத்தினார்கள்.

"இப்ப இந்தப் பக்கம், எங்க பின்னாடி வந்து நில்லுங்க."

வந்து நின்றார். மறுபடி பத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எப்படி சார்?"

"இங்கேர்ந்து பார்த்தா குதிக்கிறதுக்கு முன்னாடியே தெரியுதே மாஸ்டர். முதுகு சொல்லிடுது."

"சரி" என்றார் மாஸ்டர். கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷம் நான்தான் சார் டம்மி. பந்து வராதுன்னு தெரியும். தெரிஞ்சும் வர்ற மாதிரியே முழுசாக் குதிக்கணும். அரை மனசாக் குதிச்சா எல்லாம் கெட்டுப்போகும். ரெண்டு முட்டியும் போச்சு. ஒரு தடவைகூட பேப்பர்ல பேர் வரல."

"அப்புறம் எதுக்கு மாஸ்டர் குதிச்சீங்க?"

"என் பக்கத்துல ஒருத்தி அடிக்கணுமே."

தண்டபாணி தலையாட்டினார். ஒன்றும் புரியவில்லை.

"அப்போ என் கேள்விக்குப் பதில்?"

"பந்து பொறுக்குங்க சார்."

ஆடி பிறந்ததும் ஆத்தூரில் போட்டி. இரண்டு நாள், வேனில் பயணம். சாமான்களைப் பார்த்துக்கொள்ள தண்டபாணியும் வர வேண்டும் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

வீட்டில் அவர் தொண்டையைச் செருமினார். "ஆபீஸ் விஷயமா பூனா போகணும். ரெண்டு நாள்."

அம்சவேணி சேலை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"பூனாவுல வெயில் அடிக்குமா?"

"அடிக்கும்."

"மண்ணு எப்படி, செம்மண்ணா?"

"அதெல்லாம் யாரு பார்த்தா?"

"நான் பையைக் கட்டி வைக்கிறேன். போற இடத்துல திறங்க. வழியில திறந்தா கலைஞ்சிடும்."

விடிந்ததும் கிளம்பும்போது கழுத்தைத் தடவினார். அடையாள அட்டையைக் காணோம்.

"அம்சா, என் கார்டு எங்க?"

"பையில இருக்கு."

பை கனத்தது. இரண்டு நாளைக்கு இவ்வளவு சட்டையா என்று நினைத்தார். படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். தினமும் அப்படித்தான் நிற்பாள்.

வேன் ஆத்தூர் போய்ச் சேரும்போது காலை பதினொன்று. பள்ளிக்கூட மைதானத்தில் நெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் ஒருவர், "வருக வருக என வரவேற்கிறோம்" என்று தொண்டை கிழிய வரவேற்றுக்கொண்டிருந்தார். தண்டபாணி பையை வேப்பமர நிழலில் இறக்கினார். அப்போது போன் அடித்தது.

"பூனா வந்தாச்சா?"

"இப்பதான் இறங்கினேன்."

தண்டபாணி கை காட்டவில்லை. ஆனால் மூன்று மாதப் பழக்கம். பூவிழி கையைக் குவித்து நீளமாகச் சங்கு ஊதினாள்.

அந்தப் பக்கம் அம்சவேணி சங்கு முடியும்வரை காத்திருந்தாள்.

"என்னங்க."

"சொல்லு."

"பூவிழிகிட்ட சொல்லுங்க, சங்கு ஊதினது போதும். ஆட்டத்துக்கு முன்னாடி தொண்டை கட்டிக்கப் போகுது."

போன் வைக்கப்பட்டது.

"அக்கா என்ன சார் சொன்னாங்க?" என்றாள் பூவிழி.

தண்டபாணி அம்சவேணி சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். வாய் சொன்னது, அவர் சொல்லவில்லை. பிறகு பன்னிரண்டு பேரும் வெடித்தார்கள். மரத்தில் இருந்த காக்கை பறந்தது. பூவிழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மைக்கில் வரவேற்றவர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இதுதான் நான் சொன்ன சிரிப்பு. சிரித்துக்கொள்ளுங்கள்.

தண்டபாணி மட்டும் குனிந்து பையைத் திறந்தார்.

மேலே வாழையிலையில் மடித்த புளிசாதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, பேனாவால் பெயர் எழுதியிருந்தாள் அம்சவேணி. பன்னிரண்டு பெண்களின் பெயரும் இருந்தது. 'பூவிழி, காரம் கம்மி' என்று ஒன்று. 'மேல் அதிகாரி' என்று ஒன்று. 'டிரைவர்' என்று ஒன்று. அதன் கீழே ஒரு தொப்பி, ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ.

ஓரத்தில் கம்பெனியின் நீல நாடா சுருண்டு கிடந்தது. இழுத்தார். நுனியில் அட்டை இல்லை. புது விசில் ஒன்று தொங்கியது.

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

தண்டபாணி தன் பேன்ட்டைப் பார்த்தார். மூன்று மாதம் செம்மண்ணில் முட்டி போட்ட பேன்ட். கத்தி முனை மாதிரித் தேய்த்த மடிப்பு. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"மாஸ்டர்."

நஸ்ரின் ஒரு முழங்காலில் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அவளுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரிஞ்சிருக்கும் சார்."

"எப்படி?"

மாஸ்டர் பட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"ரெண்டு வருஷம் ஒரு முதுகையே பார்த்துட்டு இருந்தவங்க சார் அவங்க."