மற்றக் கொலுசு

"ரீச்சர், இந்த மிசின் பொய் சொல்லுது" என்றார் கந்தவனம்.

தர்மினி சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னது, ஐயா?"

"கத்துது. கத்தின இடமெல்லாம் தோண்டுறன். சோடா மூடி, ஆணி, துவக்குக் குண்டின்ரை வெறுங்கோது. எடுத்தாப் பிறகும் பக்கத்திலை கத்துது."

"இரும்பு இருக்கெண்டு சொன்னது. இருந்தது. இதிலை பொய் எங்கை?"

வன்னியில் தர்மினி எட்டு வருடமாக மிதிவெடி எடுக்கிறாள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு, மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கத்தும் மிசினைப் பிடிக்கப் பழக்குவதும் அவள்தான். அதனால் ஊரே அவளை ரீச்சர் என்றது. கந்தவனத்துக்கு அறுபத்துமூன்று வயது. தன்னில் பாதி வயதுக்காரியிடம் கைகட்டி நிற்க அவர் கூச்சப்படவில்லை.

அவருடைய மிசின், கனடாவிலிருந்து வந்த தங்கை மகன் ஒருவன் விட்டுப்போனது. உழுவதற்கு முன் காணியில் கிடக்கும் பழைய இரும்பைப் பொறுக்கப் போவதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

"என்ன தேடுறீங்கள்?" என்று கேட்டாள் தர்மினி.

"இரும்பு."

"அதுதான் கிடைச்சிட்டுதே. போயிட்டு வாங்கோ."

அவர் போனார். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார்.

"என்ன தேடுறீங்கள்?"

"சண்டைக் காலத்துச் சாமான்."

"நாடு முழுக்க அதுதானே கிடக்கு. போயிட்டு வாங்கோ."

மூன்றாம் நாள் அவள் கேட்பதற்கு முன்பே அவர் நிலத்தில் குந்தினார்.

"கொலுசு" என்றார். "ஒரு காலின்ரை கொலுசு. ஒன்பது வயசுப் பிள்ளையின்ரை."

தர்மினி தன் சோற்றுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். சண்டையின் கடைசி மாதங்களில் அவர்கள் தங்கள் காணியிலேயே பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டி அதற்குள் இருந்தார்கள். ஒரு காலை, மகள் தேனுகாவின் இடக்கால் கொலுசு பூட்டுக் கழன்றுவிட்டது. தாய் பூரணம் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்; வலக்காலில் அதன் சோடி கிடந்தது. பிறகு பிள்ளையைப் பங்கருக்குள் இருத்திவிட்டு, கணவனும் மனைவியும் தண்ணீருக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது, எறிகணை விழுந்து, பங்கர் இருந்த இடத்தில் மண் மட்டும்தான் இருந்தது. பிள்ளையை யாரோ உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அன்றே அவர்களும் ஓட வேண்டியதாயிற்று.

"காணியைத் திருப்பித் தந்தவையள், வெடி இல்லையெண்டு எழுதித் தந்தவையள்தானே?" என்றார் கந்தவனம்.

"நாங்கள் பாக்கிறது ஒரு சாண் ஆழம். பங்கர் அதுக்குக் கீழை. நீங்கள் தனியத் தோண்டக் கூடாது. நான் வாறன்."

"எப்ப?"

"காலமை நாங்கள் வேலைக்கு இறங்கமுதல் என்ன செய்யிறனாங்கள் தெரியுமோ? தேடுற சாமானைப் போல ஒரு துண்டை மண்ணுக்கை வைச்சு, மிசினுக்குக் காட்டுவம். அதுக்கு மிசின் கத்தினாத்தான் உள்ளுக்குக் கால் வைப்பம். கொலுசெண்டா சோடி இருக்குமே. மற்றதைக் கொண்டுவாங்கோ."

அவர் போய் ஒரு கரண்டியுடன் வந்தார்.

தர்மினி அதை மண்ணில் வைத்து மிசினைக் காட்டினாள். கத்தியது.

"இது கரண்டிச் சத்தம்" என்றாள்.

அடுத்த வாரம், கிளிநொச்சிக் கடையிலிருந்து ஒரு வெள்ளிக் கொலுசு வந்தது.

"இதை ஆர் போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை. புதுசு."

"அப்ப உதவாது."

மிசினுக்குப் பழசும் புதுசும் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. மாணவர் அல்லவா, ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

"மற்றக் கொலுசு எங்கை, ஐயா?"

"பூரணத்தட்டை இருக்கு."

"கேளுங்கோ."

"ஏலாது, ரீச்சர். கேட்டா அவளுக்கு விளங்கிப்போம். நான் பிள்ளையை மண்ணுக்கை தேடுறன் எண்டு. அவள் பிள்ளை எங்கையோ இருக்குது எண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள். வருசா வருசம் பிறந்தநாளுக்குச் சட்டை தைக்கிறாள். இந்த வயசுக்கு இவ்வளவு வளந்திருக்கும் எண்டு கணக்குப் பாத்துத் தைக்கிறாள். நான் இதைக் கேட்டால் செத்துப்போவாள்."

"அப்ப மிசினுக்கும் ஏலாது" என்றாள் தர்மினி.

அவள் மிசினை நிறுத்தி, உறைக்குள் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தாள். கொடுத்த பிறகு அவர் தோளில் சற்று நேரம் கை வைத்திருந்தாள். அவள் யாருக்கும் அப்படிச் செய்வதில்லை.

நான்கு நாட்கள் கந்தவனம் வயல் வரம்பில் போய் வெறுமனே இருந்துவிட்டு வந்தார். மிசின் வைக்கோலுக்குள் கிடந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, பூரணம் தையல் இயந்திரத்தின் முன் இருந்தாள். இந்த வருடத்துச் சட்டை. பெரிய பெண்ணுக்கான அளவு. நீலப்பூப் போட்ட துணி, அவர் பங்குனியில் வாங்கிக் கொடுத்தது.

"இஞ்சேரும்" என்று கூப்பிட்டார்.

"ம்."

"உம்மட்டை ஒண்டு கேக்கோணும்."

"கேளுங்கோ."

"தேனுகாவின்ரை மற்றக் கொலுசு…"

தையல் இயந்திரம் நின்றது.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் குழறி அழப் போகிறாள் என்று காத்திருந்தார்.

பூரணம் நிமிரவில்லை. "அது என்னட்டை இல்லை" என்றாள்.

"எங்கை?"

"தை மாசமே ரீச்சரட்டைக் குடுத்திட்டன். பங்கர் இருந்த இடத்தை ஒருக்காப் பாத்துத் தாங்கோ எண்டு. இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டும் சொன்னனான். அவ மாட்டனெண்டிட்டா. ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான் மிசினைத் தூக்குவாவாம்."

"நான் உங்களிட்டை எப்பிடிக் கேக்கிறது?" என்றாள் பூரணம். அவள் கை நீலத்துணியைத் தடவிக்கொண்டிருந்தது. "பிள்ளை வருமெண்டு நம்பி, வருசம் தவறாமல் துணி வாங்கிக்கொண்டு வந்து தாற மனுசனிட்டை?"

"நீர் தைக்கிறீர் எண்டுதானே வாங்கினனான்" என்றார் கந்தவனம்.

பூரணம் நூலை அறுத்தாள்.

"வெளிக்கிடுங்கோ, ரீச்சரட்டை ரெண்டு பேருமாப் போவம்" என்றாள்.