கறுப்பு ஒயர்

“டீச்சர், எனக்குப் பயம் போகவே மாட்டேங்குது” என்றார் சங்கரபாண்டி.

ஜெபராணி ஒரு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சங்கரபாண்டி உப்பு லாரி ஓட்டியவர். முட்டி போன பிறகு, ஐம்பது வயதுக்கு மேல், தூத்துக்குடியில் தன்னைவிட இளையவரான ஜெபராணியிடம் வயரிங் வேலை கற்க வந்தார். சில மாதங்களுக்கு முன் ஒரு சுவிட்ச் போர்டு அவரைத் தூக்கி எறிந்தது.

அன்றிலிருந்து ஸ்குரு டிரைவரைத் தொட்டாலே கை நடுங்கியது. எல்லா ஒயரையும் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். பார்த்ததையே திரும்பவும் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள்.

இந்தத் தொழிலுக்குத் தான் லாயக்கில்லையோ என்று கேட்டார்.

அதற்குள் போன் வந்தது. ஜெபராணி பேசி முடித்துப் பையை எடுத்தார்.

“வாங்கண்ணே.”

கடற்கரைப் பக்கம் ஒரு மாடி வீடு. கீழ்வீட்டு வாசலில் சவேரியம்மாள் நின்றிருந்தார். முகத்தில் தூக்கமில்லை. அவர் வீட்டுக்காரர் இன்னாசி ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு விடுகிறார். நேற்றிலிருந்து அது கூவிக்கூவி நின்றுபோகிறதாம். முதலில் வந்து பார்த்தவர், தெருவுக்கு வரும் கரண்டே குறைவு என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டெபிலைசரை மாட்டிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு இன்னும் மோசம்.

உள்ளே இன்னாசி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். மெஷின் கூவியது. அவருடைய கண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன.

கட்டிலுக்கு அடியில் சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தது. ஜெபராணி குழாயை அதற்கு மாற்றினார். சிலிண்டரின் முள், தீரப்போகிறது என்று காட்டும் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது.

“பாருங்கண்ணே” என்றார்.

சங்கரபாண்டி பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்தார். இருநூற்று இருபத்தெட்டு. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. குறையே இல்லை என்றார்.

“சும்மா உக்காந்திருக்கவன்கிட்ட முதுகு வலிக்குதான்னு கேட்டா என்ன சொல்லுவான்? சுமையைத் தூக்கச் சொல்லிப் பாருங்க.”

சங்கரபாண்டி சவேரியம்மாளிடம் இஸ்திரிப் பெட்டியை வாங்கி அதே பாயிண்டில் செருகினார். மீட்டரில் எண்கள் சரசரவென்று இறங்கின. நூற்று நாற்பதில் நின்றன.

ஹாலில் அதே பெட்டியைச் செருகிப் பார்த்தார். இறங்கவில்லை. தெருவிலும் குறையில்லை, மெயினிலும் குறையில்லை. இந்த அறையின் சுவருக்குள் எங்கோ வழியிலேயே கரண்ட் தீர்ந்துபோகிறது.

“தீர்ந்து எங்க போகுது டீச்சர்?”

ஜெபராணி அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். பிளக் பாயிண்டிலிருந்து மேலே, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் சங்கரபாண்டி கையை இழுத்துக்கொண்டார்.

சுவர் சுட்டது.

அந்த இடத்தில் சுவரோடு சுவராகப் பெயிண்ட் அடித்த ஒரு ஒயர்ப் பெட்டி மூடி. அதை ஒட்டிப் பழைய போர்வைகள் அடுக்கியிருந்தன. அதற்கு ஒரு முழம் தள்ளி இன்னாசியின் தலை. அவர் மூக்கில் ஆக்சிஜன்.

ஜெபராணி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார், சங்கரபாண்டி மறுமுனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்தார்கள். போர்வைகளை வெளியே எறிந்தார்கள்.

சங்கரபாண்டி போய் மெயினை இறக்கினார். மின்விசிறி நின்றது. இப்போது சிலிண்டரின் சத்தம் மட்டும் கேட்டது.

மூடியைத் திறந்ததும் கருகல் நாற்றம். உள்ளே ஒயர்கள் சேரும் முடிச்சு கரியாகியிருந்தது. சங்கரபாண்டி சிவப்பு ஒயரில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. குறடு ஒன்றை எடுத்தார். கை கேட்கவில்லை.

“என்னால முடியாது டீச்சர். நீங்க செய்யுங்க.”

இன்னாசி இருமினார். சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. ஜெபராணி குறட்டை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, இடது கையைக் கரியான முடிச்சுக்குக் கொண்டுபோனார்.

“கறுப்பு ஒயரைப் பாக்கலியே டீச்சர்.”

மெயின் இறக்கியாச்சு, அது கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல், அதில் என்ன இருக்கும் என்றார் ஜெபராணி. நேரமில்லை என்றார்.

சங்கரபாண்டி அவர் கைக்கும் ஒயருக்கும் நடுவே டெஸ்டரை நீட்டினார். அது நடுங்கி நடுங்கிக் கறுப்பு ஒயரைத் தொட்டது.

டெஸ்டர் எரிந்தது.

ஜெபராணியின் கை அந்தரத்தில் நின்றது.

பிறகு, “மாடி” என்றார் அவர்.

மாடி கட்டியபோது யாரோ படிக்கட்டு விளக்குக்கு நியூட்ரலை இந்தப் பெட்டியிலிருந்தே எடுத்திருந்தார்கள். மாடிக்கு வேறு மெயின். படிக்கட்டு இருட்டு என்பதால் அந்த விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. கீழே மெயினை இறக்கினாலும், விளக்கு வழியாக இறங்கி வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தக் கறுப்பு ஒயரில் காத்திருந்தது.

சங்கரபாண்டி நொண்டிக்கொண்டே மாடியேறிப் போய் அந்த மெயினையும் இறக்கினார். வந்து சிவப்பைப் பார்த்தார். கறுப்பைப் பார்த்தார். இரண்டையும் திரும்பப் பார்த்தார். இந்த முறை ஜெபராணி அவசரப்படுத்தவில்லை.

கருகியதை வெட்டினார்கள். புதுசாக முறுக்கி இறுக்கினார்கள். விளக்கின் ஒயரைப் பிரித்து ஒதுக்கினார்கள். மெயினை ஏற்றி, இஸ்திரிப் பெட்டியைச் செருகியபோது எண்கள் இருநூற்று இருபத்தாறில் நின்றன.

குழாயைத் திரும்ப மாற்றியதும் மெஷின் கூவாமல் ஓடியது. இன்னாசி கண்ணை மூடினார். சவேரியம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் ஜெபராணி பேசினார்.

“கறுப்பை ஏன் பாக்கணும்னு தோணிச்சு?”

“எதுவும் தோணல டீச்சர்” என்றார் சங்கரபாண்டி. “பயந்தேன்.”

ஜெபராணி தன் இடது கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஒருபோதும் நடுங்காத கை. வெயிலில் அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“நல்லது” என்றார்.