தலையை வாங்கி வந்தவன்

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாட்டை ஆண்ட அரசருக்குப் பசியும் கோபமும் ஒரே வேகத்தில் வரும். ஒருநாள் முழுப் பலாப்பழத்தையும் தாமே தின்றுவிட்டு வயிற்றுவலியால் துடித்தார். அரண்மனை வைத்தியர் அழகப்பிரான் நாடி பார்த்தார். சபை நிறைந்திருந்த நேரம் என்றும் பாராமல் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"நோய் ஒன்றுமில்லை, மன்னா. நாக்கை அடக்கினால் போதும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசரின் முகம் சிவந்தது. வைத்தியர் விடைபெற்றுப் போன பிறகும் அந்தச் சிவப்பு இறங்கவில்லை.

"அவன் தலையை வாங்கி வாருங்கள்!" என்று கர்ஜித்தார்.

தளவாய் மாவலிராயர் சட்டென்று எழுந்தார். அரசர் தம் பேச்சைவிட விகடகவி குழைக்காதனின் பேச்சை ரசிக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"மன்னர்பெருமானே, அப்பணியைக் குழைக்காதனிடமே ஒப்படையுங்கள். அவன் மகன் மணந்திருப்பது வைத்தியரின் மகளைத்தான். அவனுக்கு உறவு பெரிதா, அரச கட்டளை பெரிதா என்று சபை பார்க்கட்டும்."

"அப்படியே ஆகட்டும். குழைக்காதா, பொழுது சாய்வதற்குள் அவன் தலையை நீ வாங்கி வர வேண்டும். தவறினால் உன் தலை தப்பாது."

தளவாய் தம் வாளை உருவி நீட்டினார். குழைக்காதன் அதை வாங்கிக்கொண்டு வைத்தியர் வீட்டை நோக்கி நடந்தான். பிரசவத்துக்காக மருமகள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் கண்ணெதிரே இந்த வாளோடு போய் நிற்பதா?

தெரு வந்தது. வீடும் வந்தது. வைத்தியர் வாசலுக்கே ஓடிவந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க! கையில என்ன வாளு?"

குழைக்காதன் அப்படியே நின்றான். அந்தச் சொல்லை மனசுக்குள் இரண்டுமுறை திருப்பிப் பார்த்தான்.

"வாங்கத்தான் வந்தேன் சம்பந்தி," என்றான். "உங்க தலைய எனக்கு வித்துடுங்க. எதையும் கேக்காதீங்க. உயிர் போற காரியம்."

காதிலிருந்த கடுக்கன்களைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் சபைக்குள் நுழைந்தார்கள். வைத்தியர் உயிரோடு நடந்து வருவதைக் கண்டு தளவாயின் கண்கள் பளபளத்தன.

"கட்டளையை மீறிவிட்டான், மன்னா!"

"மீறவில்லை, மன்னா. தலையை வாங்கி வந்திருக்கிறேன். விலை, என் கடுக்கன் இரண்டும். இனி அது தங்கள் உடைமை. அதில் ஒரு மயிர் உதிர்ந்தாலும் அரசருடைய பொருளுக்குச் சேதம்."

"தலையை வாங்கச் சொன்னால் உடம்பு எதற்கு வந்தது?" அரசரின் குரலில் இன்னும் சூடு இருந்தது.

"தனியாகத்தான் கேட்டேன். பிரித்தால் கெட்டுப்போகும் என்றார். வைத்தியர் சொல்லும்போது நான் எப்படி மறுப்பது?"

"வாங்கு என்றால் வெட்டு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்!" என்று தளவாய் கத்தினார்.

குழைக்காதன் அவர் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"போன மாசியில் எல்லைப் போரில் தாங்கள் பின்வாங்கினீர்களே, தளவாய் அவர்களே. அங்கே யாருடைய பின்னை வெட்டினீர்கள்?"

அந்தத் தோல்வியை அரசர் முன்னிலையில் இதுவரை யாரும் பேசியதில்லை. அரசரின் கை வாளின் பிடியைத் தொட்டது. குழைக்காதன் கண்களை மூடிக்கொண்டான்.

முதலில் ஒரு கனைப்புக் கேட்டது. பிறகு வெடித்தது சிரிப்பு. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தளவாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அழகப்பிரானே, என் தலையை உம்மிடமே வைத்துக்கொள்ளும். பத்திரம்!" என்றவர், தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனின் கழுத்தில் போட்டார்.

வெளியே வந்ததும் குழைக்காதன் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். வைத்தியர் பதறிப்போய் அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"என்ன சம்பந்தி, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது."

"வாங்கட்டும்," என்றார் வைத்தியர், பக்கத்திலேயே உட்கார்ந்தபடி. "நல்லா வாங்கட்டும்."