விலை இறங்கட்டும், மூட்டை இறங்காது

முன்னொரு காலத்தில் கொங்கு நாட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் விலைப்பலகையும் தராசும் எதிரெதிரே குடியிருந்தன. பலகைக்கு வாய் நீளம். தராசோ தன் தட்டில் ஏறாத எதைப் பற்றியும் பேசாது.

ஒரு நாள் காலையில் பாவாயி வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷப் பாடு அத்தனையும் அதில் மஞ்சள் மூட்டையாகக் கிடந்தது. அவள் வாசலில் நுழையும்போதே பலகை அலறியது.

"இறங்கிருச்சு! விலை இறங்கிருச்சு!"

தரகர் சென்னியப்பன் ஓடி வந்தார். "பாவாயக்கா, இன்னும் இறங்குமுங்க. வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போயிருங்க."

"மூட்டைய இறக்கட்டுங்களா?" என்றான் வண்டிக்காரன்.

அவள் தலையாட்டப் போனாள். அப்போது தராசு தொண்டையைக் கனைத்தது.

"அம்மணி, பொறுங்க. என் தட்டைப் பாருங்க."

தட்டில் ஒரு சிட்டுக்குருவி சாவகாசமாக உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

"விடிஞ்சதுல இருந்து ஒண்ணு ரெண்டு மூட்டைதான் ஏறுச்சு. அதுவும் கல்யாண அவசரத்துல ஒருத்தர் வித்தது. விக்க ஆளே வராம விலை இறங்குதுன்னா, அது வெறும் சத்தமுங்க."

பலகைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன வருஷம் நான் இதையேதான் சொன்னேன். அப்ப மட்டும் ஆமாஞ்சாமி போட்டியே!"

"போட்டேன். அன்னிக்கு ஊரே வித்துச்சு. பாரம் தாங்காம என் சங்கிலி முனகுச்சு. அது நெசமான இறக்கம்."

பாவாயிக்கு நினைவு வந்தது. அன்று தராசின் முனகலைக் கேட்டு விற்றதால்தான் அவள் தப்பித்தாள். இப்போது இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.

"விலை இறங்கட்டும். மூட்டை இறங்காது!"

மண்டியே அதைக் கேட்டது. பின்னால் வந்த வண்டிகளும் நுகத்தடியை அவிழ்க்காமல் நின்றன. பலகைக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மஞ்சள் இல்லாமல் ஊர் திரும்ப முடியாத வியாபாரிகள் மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலை கேட்டார்கள்.

"ஏறிருச்சு! ஏறிருச்சு!" என்று பலகை கட்டைக் குரலில் கூவியது.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "அக்கா, இப்பவாவது இறக்கலாமுங்களா?"

பாவாயி பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தராசிடம் போனாள்.

"இது நெசந்தானா?"

குருவி எப்போதோ பறந்துவிட்டிருந்தது. மற்ற வண்டிகளின் மூட்டைகள் ஏறிய பாரத்தில் சங்கிலி முனகிக்கொண்டிருந்தது.

பாவாயி வாய்விட்டுச் சிரித்தாள். "இறக்குங்கடா மூட்டைய!"