கல்லூரியிலிருந்து ஒரு போன்

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள், வர நேரமெடுக்கும்.

எங்கள் அகதி முகாமில் என் தொண்டைக்கு அகப்படாத குரல் இல்லை. தாசில்தார், ரேஷன் கடைக்காரர், பங்குச் சாமியார், யாராக இருந்தாலும் இரண்டு வார்த்தை கேட்டால் போதும்.

அன்று கல்லூரி அதிகாரியின் மூக்கடைத்த குரலை எடுத்தேன். நண்பன் கிருசாந்தனுக்குத் துணையாக மூன்று தடவை அந்த ஆபீசுக்குப் போனவன் நான். பிளஸ் டூவில் எங்கள் பள்ளியிலேயே அவன்தான் முதல். மூன்று தடவையும் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். சேர்க்கை மறுநாளோடு முடிகிறது. இடமில்லையென்றால் திங்கள் முதல் அவனும் பெயின்ட் வேலைக்கு.

"தம்பி, பேரு கிருசாந்தன்தானே? பிசிக்ஸ்ல உனக்கு சீட் போட்டாச்சுப்பா. காலையில பத்து மணிக்கு வந்து சேந்துக்க."

வேறொருவரின் போனில் இதைச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க ஓடினேன். அதற்குள் அவன் அம்மா பாயசத்துக்குச் சவ்வரிசி வாங்கக் கிளம்பியிருந்தார். பேசியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை. என் கையைப் பிடித்து மாஸ்டரிடம் இழுத்துப் போனான்.

அமலதாஸ் மாஸ்டருக்கு எங்களைவிட ஏழு வயதுதான் கூட. எம்.எஸ்சி. படித்தவர். பகலில் பெயின்ட் அடிப்பார், பின்னேரம் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவார். குழாயடியில் மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இடம் கிடைச்சிட்டுது. போன் வந்தது. நாளைக்கு என்னென்ன கொண்டு போகோணும்?"

"என்ன கேட்டவர்?"

"பேர் கேட்டவர்."

"பிறகு?"

"பத்து மணிக்கு வரட்டாம்."

"முகாமில இருந்தா வாறாய் எண்டு?"

"கேக்கேல்லை."

"அப்பா எந்த வருசம் வந்தவர் எண்டு?"

"இல்லை மாஸ்டர். நல்ல மரியாதையாக் கதைச்சவர்."

மாஸ்டர் அடுத்த விரலைத் துடைத்தார். நகத்துக்குள் இருந்த வெள்ளை போகவில்லை.

"பதினொரு ஆபீசில போய் நிண்டனான், கிருசாந்தன். அதைக் கேக்காம ஒருத்தரும் என்ரை பேரை எழுதினதில்லை."

துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"கேக்காமலே ஒருத்தர் உன்னைக் கூப்பிட்டவர் எண்டால், அது எங்கட ஆளாத்தான் இருக்கோணும்."

கிருசாந்தன் மெல்ல என் பக்கம் திரும்பினான்.