ராஜா ஊஞ்சல் கட்டிய வயல்

முன்னொரு காலத்தில் மேட்டுப்புலம் என்கிற சீமையை வேங்கைராயன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டதைவிட ஊஞ்சலாடியதுதான் அதிகம். பக்கத்து நாட்டு அரண்மனை தன்னுடையதைவிட உயரம் என்று கேள்விப்பட்டதும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. தளவாய் செங்கோடன் உடனே வழி சொன்னான். வருஷாவருஷம் ராஜாவின் பிறந்தநாளுக்குக் குடிகள் எல்லாரும் வயலின் கறுத்த மேல்மண்ணை வழித்துக் கொண்டுவந்து அரண்மனைப் பக்கத்தில் கொட்ட வேண்டும். குன்று எழும்பியது, உச்சியில் ஊஞ்சலும் வந்தது. குன்று மொழுமொழுவென்று தெரிய வேண்டுமாம். புல் முளைத்தால் பிடுங்க ஆள் வைத்தான்.

கீழே விளைச்சல் செத்தது.

"குடியானவன்களுக்கு உடம்பு வளையவில்லை, மகாராஜா" என்றான் செங்கோடன்.

மந்திரி ஆதிநாதருக்குப் பொறுக்கவில்லை. "உடம்பு வளைகிறது. மண்தான் இல்லை."

"அப்படியானால் நீரே விளைவித்துக் காட்டும்!" என்றான் ராஜா. "தோற்றால் குடிகள் அத்தனை பேரும் நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஜெயித்தால் கேட்டதைத் தருகிறேன்."

"எந்த இடத்தில் விதைக்க?"

"உம் இஷ்டம்."

மந்திரி வயலில் ஒரு பிடி, குன்றின் பின்சரிவில் ஒரு பிடி சாமை விதைத்தார். புல் பிடுங்குகிறவர்களும் குடியானவர்கள்தானே, பார்த்தும் பாராமல் விட்டுவிட்டார்கள்.

அறுப்புக் காலத்தில் வயல் மொட்டையாகக் கிடந்தது. "மந்திரியார் தோற்றார்!" என்று செங்கோடன் குதித்தான். மந்திரி ராஜாவைப் பின்சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே சாமை கதிர் தள்ளி நின்றது.

"வயல் இங்கே இருக்கிறது, மகாராஜா. நீங்கள்தான் அதன்மேல் ஊஞ்சல் கட்டியிருக்கிறீர்கள்."

ராஜாவின் முகம் செத்துப்போயிற்று. "என்ன வேண்டும், கேளும்."

"மண்ணைத் திருப்பிக் கொடுங்கள்."

"முதல் கூடையைச் செங்கோடன் சுமக்கட்டும்!" என்றான் ராஜா.

மறுநாள் ஊரே கூடையோடு வந்து நின்றது. செங்கோடன் குனிவதற்குள் அதுவரை யாரும் கண்டிராத ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த ஒரு பிடி சாமையைத் தவிர, பிடித்து நிறுத்த ஒரு புல் வேர்கூட இல்லாத குன்று கரைந்து, கறுப்பாக ஆற்றில் இறங்கி ஓடியது. ராஜா சேற்றில் விழுந்து கையால் அணை போட்டான். பாவி, அன்றுதான் முதன்முதலாக மண்ணைத் தொட்டான்.

"ஆதிநாதரே, ஏதாவது யுக்தி சொல்லுமய்யா!"



சடைச்சி என்கிற குடியானவள் மந்திரியிடம் கேட்டாள்: "போன மண்ணு எப்ப சாமி திரும்பி வரும்?"

"உன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வராது, தாயி."

அவள் காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தாள். ஊரும் பின்னால் போனது. போகச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை.

பந்தயத்தில் ஜெயித்ததற்காக ராஜா மந்திரிக்குப் பொன்மாலை போட்டான். அதைக் கொடுத்து ஒரு படி சாமை வாங்கலாம் என்று மந்திரி ஊரெல்லாம் சுற்றினார். விற்க ஓர் ஆளும் இல்லை.