ஈச்சங்குடி மடையும் வேட்டனின் வரிசையும்

கேட்க வந்தவர்களே, நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை தப்பினால் வழக்கு செல்லாது என்பது இந்தக் கதை நடந்த நாட்டின் சட்டம்.

முதல் குறை. முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டில் ஈச்சங்குடி மக்கள் தங்கள் கையால் ஓர் ஏரி வெட்டினார்கள். அரசரின் ஆட்களோ அரசர் வெட்டினார் என்று கல்லில் பொறித்தார்கள். கல் ஒருநாளும் மண்வெட்டி பிடித்ததில்லை. அதனால் அது எதையும் கூசாமல் சொல்லும்.

இரண்டாம் குறை. அந்த அரசரின் மகன் ஏரிக்கரையில் அரண்மனை கட்டினான். கரையில் நின்ற பனைகளெல்லாம் உத்தரமாயின. ஊருக்கு ஒரு மட்டைகூட மிஞ்சவில்லை.

மூன்றாம் குறை. அந்த மகனின் மகள் சேந்தி அரசியானாள். அரண்மனைப் பொய்கையில் தாமரை வாடக் கூடாது என்று, ஈச்சங்குடிக்குப் போகும் மடையை அடைக்கச் சொன்னாள். நட்ட நாற்று வேர்பிடித்துப் பச்சை கண்டிருந்த நேரம் அது.

இந்த மூன்றையும் அடி பிசகாமல் சொல்லக்கூடியவன் ஊரில் வேட்டன் ஒருவன்தான். தலை நரைத்தவன். தொண்டை மட்டும் நரைக்கவில்லை. வரி உயர்ந்தபோது கத்தினான். வரி குறைந்தபோது, ஏன் முன்பே குறைக்கவில்லை என்று கத்தினான். "அநீதி" என்று சொன்னால் அவனுக்கு உடம்பில் தெம்பு ஏறும். நீதி கிடைத்துவிடும் போலிருந்தால் மட்டும் கொஞ்சம் கவலை வரும். மறுநாள் எதற்காகக் கத்துவது?

அந்த அரண்மனை முற்றத்தில் குறைக்கல் என்று ஒரு கல் உண்டு. அதன்மேல் ஏறி யாரும் குறை சொல்லலாம். அரசியே ஆனாலும் கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் சொல்லி முடித்து, குற்றம் செய்தவர் பெயரைச் சாட்சிகள் கேட்க வாசித்துவிட்டால், அந்தப் பெயருக்கு உரியவர் தம் கையாலேயே விளைந்த கேட்டைச் சரிசெய்ய வேண்டும். முடிக்காவிட்டால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கு முடியும்வரை வழக்குக்குரிய பொருளை யாரும் தொடக் கூடாது. அடைத்த மடை அடைத்தபடியே கிடக்கும்.

வேட்டன் கல்லில் ஏறினான். மூன்று குறைதானே, மூன்று மூச்சில் சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் போராடிப் பழகாதவர்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு முன்னுரை இருந்தது. முன்னுரைக்கு ஒரு வணக்கம் இருந்தது. வணக்கத்துக்குள்ளேயே ஒரு கண்டனம் இருந்தது.

அரசி சேந்தி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அவள் கெட்டிக்காரி. மூன்றாம் குறையை அவன் நெருங்கியபோது, பக்கத்திலிருந்த தோழியிடம் மெல்லத் திரும்பி, "இந்தக் கிழவனுக்கு யாராவது மோர் கொடுங்களேன். புளித்ததாக இருந்தாலும் போதும்" என்றாள்.

வேட்டன் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் சொன்னாள்.

"சாட்சிகளே, கேட்டீர்களா! நான்காம் குறை!" என்று முழங்கினான். குறை ஒன்று கூடினால் வரிசையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம். அவன் ஏரி வெட்டிய கதைக்குத் திரும்பினான். பொழுது சாய்ந்தது.

மறுநாள் அவனுக்கு நல்ல மோர் வந்தது. உட்கார இருக்கையும் வந்தது. ஆனால் அரண்மனைக் கிளி வளர்ப்பவனின் இருக்கைக்கு ஒரு படி கீழே.

"ஐந்தாம் குறை!" என்றான் வேட்டன். பொழுது சாய்ந்தது.

அதற்கு மறுநாள் இருக்கை உயர்ந்தது. வெற்றிலைத் தட்டும் வந்தது. ஆனால் முதலில் நட்டுவனாருக்கு நீட்டிவிட்டு, அப்புறம்தான் அவனுக்கு நீட்டினார்கள்.

"ஆறாம் குறை!" பொழுது சாய்ந்தது.

இப்படியே அவன் அரண்மனைக்குப் பழகிப்போனான். அந்தப்புரத்துப் பெண்கள் மாடத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். "நேற்று கல்லைப் பற்றிச் சொன்னாரே, அந்த இடம் இன்றைக்கும் வருமா?" என்று கேட்டு அனுப்பினார்கள். அமைச்சர், "வேட்டரே, பனை வெட்டிய இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது" என்றார். பனை உத்தரத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான் சொன்னார். வேட்டன் அதைக் கவனிக்கவில்லை. அந்த இடத்தை நாளைக்கு இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொண்டான். தன் எதிரிகள் தன்னை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று நினைத்து நெஞ்சு நிமிர்த்தினான்.

ஒரு காலையில் அவன் தங்கை நாகி அரண்மனை வாசலுக்கு வந்தாள். கைம்பெண். மடைக்குக் கடைசியில் இருக்கும் வயல்தான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு. கையில் பிடுங்கிய பயிர் ஒன்று இருந்தது. நுனி பழுத்து, தாள் வைக்கோலாகிக் கொண்டிருந்தது.

"வாம்மா நாகி. உள்ளே வந்து கேள். இன்றைக்குப் புதுசாக ஒரு குறை சேர்ந்திருக்கு. நேற்று என்னைப் பார்த்ததும் காவல்காரன் எழுந்திருக்கவே இல்லை!"

"அண்ணே, மடை எப்போ திறக்கும்?"

"குறையைச் சொல்லி முடித்ததும்."

"எப்போ முடியும்?"

"அவமானப்படுத்திக்கொண்டே இருக்கிறாளே! நான் எப்படி முடிப்பேன்?"

நாகி பயிரை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இதுகிட்டே சொல்லிப் பாரு. உன்னைக் கண்டு காவல்காரன் எழுந்திருக்கலையாம், கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொல்லிப் பாரு. பயிருக்குக் காது ஏது அண்ணே? அதுக்கு வேர்தான் இருக்கு. இன்னைக்குத் தண்ணி வந்தா பிழைக்கும். இல்லேன்னா நாளைக்கு மாட்டை அவிழ்த்து விட்டுடுறேன், அதுவாவது வயிறாரத் தின்னட்டும்."

வேட்டன் பயிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மடையை அடைச்சது அரசி," என்றாள் நாகி. "அதைத் தினமும் அடைச்சு வைக்கிறது யாருன்னு யோசிச்சுக்கோ." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பேச்சு அவர்கள் குடும்பத்துச் சொத்து. அவள் பங்கு சிறியது, ஆனால் கூர்மையானது.

அன்றும் வேட்டன் கல்லில் ஏறினான். பயிரை மடியில் செருகியிருந்தான். ஏரி வெட்டியதை ஒரே மூச்சில் சொன்னான். பனை வெட்டியதை மறு மூச்சில் சொன்னான். அமைச்சர் கலங்குவதற்குள் அந்த இடம் கடந்துபோயிற்று.

அரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் காட்டினாள். அவன் இருக்கையின்மேல் கிளிக்கூண்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். வேட்டனின் நாக்கு துடித்தது. மடியைத் தொட்டுக்கொண்டான். விழுங்கினான்.

அரசி கொட்டாவி விட்டாள். மாடத்துப் பெண்கள் சிரித்தார்கள். வேட்டனின் கழுத்து நரம்பு புடைத்தது. விழுங்கினான்.

கடைசியாக அரசி எழுந்து நின்று, கைகூப்பினாள். "வேட்டரே, இந்த நாட்டிலேயே உங்களைப் போல் பேச ஆளில்லை. என்னைத் திட்டும்போதுகூட எனக்குச் செவி குளிர்கிறது. ஏன் இன்றைக்கு இப்படிச் சுருக்குகிறீர்கள்? அந்த மோர், அந்த வெற்றிலை, உங்களுக்கு நாங்கள் செய்த கொடுமை எல்லாவற்றையும் விரித்துச் சொல்லுங்கள். கேட்க ஆசையாக இருக்கிறது."

ஐயோ, கேட்பவர்களே! கூண்டை விழுங்கிவிடலாம், கொட்டாவியை விழுங்கிவிடலாம். பாராட்டு இருக்கிறதே, அது தொண்டையில் மாட்டிக்கொண்டு தேனாக ஒழுகும். வேட்டன் கண்ணை மூடினான். எத்தனை அழகான வாக்கியங்கள் அவனுக்குள் வரிசையில் நின்று கையை உயர்த்தின! ஒவ்வொன்றையும் உட்காரச் சொன்னான். பெற்ற பிள்ளைகளை விரட்டுவதுபோல் வலித்தது.

"தேவி, மோர் என் குறை. வெற்றிலை என் குறை. அவற்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். ஊருக்கு மூன்றே குறை. மூன்றாவது, மடையை அடைத்தது. முடிந்தது. ஓலையும் எழுத்தாணியும் கொடுங்கள், பெயர் எழுத வேண்டும்."

அரசிக்குப் பட்டங்கள் பல. அவளை வெறும் பெயரால் அங்கே யாரும் அழைத்ததில்லை. அமைச்சர் குனிந்து, "வேட்டரே, 'அரண்மனையார்' என்று பொதுவாக எழுதினால் போதுமே" என்றார்.

"அரண்மனை வந்து மண்ணை வெட்டுமா ஐயா? கை உள்ள ஆள் வேண்டும்" என்றான் வேட்டன். எழுதினான். எழுதி முடித்துவிட்டு மடியிலிருந்த பயிரைப் பார்த்தான். பிறகு கீழே இன்னொரு வரி எழுதினான்.

பெயர் வாசித்த பிறகு யாரும் பேசக் கூடாது என்பது அந்தக் கல்லின் கடைசி வழக்கம். ஆகையால் பின்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை தப்புகிறது, தப்பட்டும்; வரிசையைக் கட்டிக்கொண்டு அழுதவன் பட்ட பாட்டைத்தான் பார்த்தீர்களே. அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பேர் சேற்றில் இறங்கி மடையை வெட்டித் திறந்தார்கள். ஒருவருக்குப் பட்டு நனைந்தது, மற்றவருக்குத் திமிர் நனைந்தது. தண்ணீர் நாகியின் வயல்வரை போயிற்று. பாதிப் பயிர் பிழைத்தது. மறுபாதியை மாடு தின்றது.

நீதி இதுதான்: ஊருக்காக வழக்காட ஏறியவன் தன் அவமானத்தையும் அந்த வழக்கோடு சேர்த்துக் கட்டினால், அடைத்தவர் தூங்கப் போனாலும் மடையை அவனே அடைத்துக் காப்பான்.

இனி யாரும் பேசாதீர்கள். வேட்டன் ஓலையை உயர்த்திப் பிடிக்கிறான். சாட்சிகள் எழுந்து நிற்கிறார்கள்.

"மடையை அடைத்தவர், சேந்தி. அடைத்ததை அடைத்தபடியே வைத்தவன், வேட்டன்."